‘இதோ இருக்கிறேன்’ என்று சொல்லும் வில்லை

1991ஆம் ஆண்டு. வளைகுடாப் போர் நேரம். கப்பல் கப்பலாகச் சரக்கு சவூதி அரேபியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. கூடாரம், டயர், மருந்து, வாகன உதிரிபாகம், உணவுப் பொட்டலம் எல்லாமே கொள்கலன்களில் வந்தன. அமெரிக்கப் படை அனுப்பிய கொள்கலன்கள் ஏறத்தாழ 40,000. அவற்றில் 25,000க்கும் மேற்பட்டவற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரிந்தது.

கேட்ட பொருள் வந்து சேர்ந்ததா இல்லையா என்று பிரிவுகளுக்குத் தெரியவில்லை. எனவே அதே பொருளை மறுபடியும் கேட்டன. அதுவும் வந்து அதே குவியலில் சேர்ந்தது. ராணுவத்தினர் அந்தக் குவியல்களுக்கு ‘இரும்பு மலைகள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

இத்தனைக்கும் அந்தப் படையிடம் பட்டியல் இல்லாமல் இல்லை. கணினி இருந்தது, ரசீது இருந்தது, பதிவேடும் இருந்தது. பொருள் இருந்த இடத்துக்கும் பதிவேடு சொன்ன இடத்துக்கும்தான் தொடர்பு இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சமையலறைக்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல. கிடங்கு, மருத்துவமனை, நூலகம், துறைமுகம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

ஏட்டில் உள்ள சுரைக்காயையும் கொடியில் உள்ள சுரைக்காயையும் ஒன்றாக்க மனிதர்கள் செய்த முயற்சிகளில் ஒன்றுதான் ஆர்எஃப்ஐடி எனப்படும் வானலை அடையாள முறை. இன்று அது நூலகப் புத்தகத்தின் அட்டைக்குள்ளும், துணிக்கடைச் சட்டையின் விலைச்சீட்டிலும், காரின் முன்கண்ணாடியிலும் இருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த பாதை நீண்டது.

போரில் பிறந்த கேள்வி

வானில் வரும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா? இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு பிரிட்டனை வாட்டிய கேள்வி இது. ராபர்ட் வாட்சன்-வாட் 1935ஆம் ஆண்டு டேவன்ட்ரியில் நடத்திய சோதனைக்குப் பிறகு ராடார் உருவானது. விமானம் வருவதை ராடார் காட்டியது. அது யாருடைய விமானம் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

அதற்காகப் பிரிட்டிஷ் விமானங்களில் ஒரு கருவி பொருத்தப்பட்டது. ராடார் அலை வந்து தொட்டதும் அக்கருவி பதில் அலை அனுப்பும். ‘சுடாதே, நான் உன் ஆள்’ என்பதே அதன் பொருள். ஓர் அலை கேட்க, இன்னோர் அலை அடையாளம் சொல்லும் இந்த ஏற்பாடுதான் பின்னர் வந்த எல்லா வில்லைகளுக்கும் முன்னோடி.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் இன்னொரு விந்தை நடந்தது. மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஏவரெல் ஹாரிமனுக்கு சோவியத் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை அது. தூதர் இல்லத்துச் சுவரில் அது அழகாகத் தொங்கியது. அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதை வடிவமைத்தவர் லியோன் தெரமின்.

அதில் மின்கலம் இல்லை, கம்பி இல்லை. வெளியிலிருந்து வானலையைப் பாய்ச்சினால் மட்டும் அது விழித்துக்கொள்ளும். அறையில் பேசுவோரின் குரலைத் தாங்கிய அலையைத் திருப்பி அனுப்பும். அலையை நிறுத்தினால் வெறும் மரப்பலகை. 1952ஆம் ஆண்டில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. சொந்தமாக மின்சாரமே இல்லாத ஒரு பொருளும் பேசும் என்பதற்கு அது சாட்சி.

இதே அடிப்படையை 1948ஆம் ஆண்டு ஹாரி ஸ்டாக்மன் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். எதிரொளிக்கும் அலையைக் கொண்டே தகவல் அனுப்பலாம் என்றார். ஆனால் டிரான்சிஸ்டரும் சிறிய சில்லுகளும் புழக்கத்துக்கு வராத காலம் அது. எண்ணம் பிறந்துவிட்டது. அதைச் சிறிய வில்லைக்குள் அடக்கும் தொழில்நுட்பம் பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

அழுக்கு கற்பித்த பாடம்

அமெரிக்க ரயில்வே நிறுவனங்களுக்கும் ஒரு தலைவலி இருந்தது. ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடும். கண்டம் முழுவதும் சுற்றும். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று கேட்டால் விடை சொல்ல ஆள் இல்லை. பெட்டிகளின் எண்களை ஆட்கள் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1967ஆம் ஆண்டு இதற்கு ஒரு தீர்வு ஏற்கப்பட்டது. கார்டிராக் என்பது அதன் பெயர். பெட்டியின் பக்கத்தில் வண்ணக் கோடுகள் கொண்ட பட்டை ஒட்டப்படும். தண்டவாளத்தின் ஓரத்தில் உள்ள கருவி ஒளியைப் பாய்ச்சி அதைப் படிக்கும். கடைகளில் பார்கோடு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரயிலில் வந்த கோட்டுக்குறி இது.

காகிதத்தில் அது குறையில்லாத திட்டம். தண்டவாளத்திலோ மழை உண்டு, பனி உண்டு, நிலக்கரித் தூசி உண்டு. பட்டைகளில் அழுக்கு படிந்தது, சாயம் மங்கியது. துடைத்துப் பராமரிக்க ஆள் போடவில்லை. காலப்போக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பட்டையைக் கருவியால் படிக்க முடியாமல் போனது. ஐந்தில் ஒன்று தவறும் கணக்கை யார் நம்புவார்கள்? 1970களின் பிற்பாதியில் திட்டம் கைவிடப்பட்டது.

ஒளிக்கு அழுக்கு தடை. வானலைக்கு அது பெரிய தடையில்லை. இந்த ஒரு வேறுபாடுதான் ஆர்எஃப்ஐடிக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அதற்குள் தொழில்நுட்பமும் வளர்ந்திருந்தது. 1973ஆம் ஆண்டு மரியோ கார்டுல்லோ நினைவகம் கொண்ட வில்லைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் சார்ல்ஸ் வால்ட்டன், சாவி இல்லாமல் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1975ஆம் ஆண்டு லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூவர், மின்கலமின்றிப் பதில் சொல்லும் வில்லை பற்றிய முக்கியமான கட்டுரையை வெளியிட்டார்கள். அணுகுண்டுக்குப் பெயர்போன அந்த ஆய்வுக்கூடம் அப்போது மாடுகளை அடையாளம் காணும் முயற்சியிலும் ஈடுபட்டிருந்தது. இன்று ஆஸ்திரேலியாவில் மாட்டின் காதில் தொங்கும் மின்னணு வில்லை, அது வளர்ந்த பண்ணை முதல் இறைச்சிக்கூடம் வரையிலான பயணத்தைப் பதிவு செய்கிறது.

ரயில்வே நிறுவனங்களும் திரும்பி வந்தன. 1990களில் வட அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளின் இரு பக்கங்களிலும் ஆர்எஃப்ஐடி வில்லை பொருத்துவது கட்டாயமானது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் அந்த வில்லையோடு ஓடுகின்றன. வண்ணப்பட்டை தோற்ற அதே தண்டவாளத்தில் வானலை வென்றது.

உறங்கும் பிள்ளை

இந்த வில்லை எப்படி வேலை செய்கிறது? அதற்குள் இரண்டே பொருள்கள்தாம். ஒன்று, மணலைவிடச் சற்றுப் பெரிய சில்லு. மற்றொன்று, அதைச் சுற்றிய மெல்லிய உலோக அலைவாங்கி. வாசிப்புக் கருவி வானலையை அனுப்புகிறது. அந்த அலையின் ஆற்றலை அலைவாங்கி பிடித்துச் சில்லுக்கு ஊட்டுகிறது. சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பினால் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடியும் உறங்கிவிடுவதுபோல.

பார்கோடைக் கருவியின் கண்ணுக்கு நேரே, ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். வில்லைக்கு அது தேவையில்லை. பெட்டி மூடியிருந்தாலும் பல வில்லைகள் ஒரே நொடியில் பதில் சொல்லும். மின்கலம் உள்ள வில்லைகளும் உண்டு. விலை அதிகம், ஆனால் அவற்றின் குரல் வெகுதூரம் கேட்கும். வளைகுடாப் போரின் இரும்பு மலைகளுக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் தன் கொள்கலன்களுக்குத் தேர்ந்தெடுத்தது அந்த வகையைத்தான்.

குறைகளும் உண்டு. தண்ணீர் அலையை விழுங்கும், உலோகம் அதைத் திருப்பி அடிக்கும். சூப் டின் அடுக்கிய பெட்டியும் குளிர்பானப் பெட்டியும் இந்த முறைக்கு இன்றுவரை சவால்தான்.

புக்கிட் பாத்தோக்கில் ஒரு தொடக்கம்

சிங்கப்பூருக்கு இதில் பெருமைப்பட ஓர் இடம் உண்டு. அது நூலகம்.

1994ஆம் ஆண்டு ‘நூலகம் 2000’ மறுஆய்வுக் குழு தன் அறிக்கையை அளித்தது. மறு ஆண்டு செப்டம்பர் மாதம் தேசிய நூலக வாரியம் அமைந்தது. கடைத்தொகுதிகளில் நூலகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் திரண்டு வந்தார்கள். அதுவே புதிய தொல்லையானது. வாரயிறுதிகளில் புத்தகம் இரவல் வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் நீண்ட வரிசை. முகப்பில் இருந்த ஊழியர்கள் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்கோடு காட்டினார்கள். எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்க வந்தவருக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

வெஸ்ட் மால் கடைத்தொகுதியில் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்எஃப்ஐடி முறை முதலில் சோதிக்கப்பட்டது. உலகிலேயே இம்முறையை முதலில் கையாண்ட பொது நூலகங்களில் அது ஒன்று. சோதனை வெற்றி பெற்றது. 2002ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரின் பொது நூலகங்கள் அனைத்துக்கும் அது பரவியது. மில்லியன் கணக்கான புத்தகங்களின் அட்டைக்குள் ஒவ்வொன்றாக வில்லை ஒட்டப்பட்டது.

அதன் பலனை நூலகத்துக்குச் சென்ற ஒவ்வொருவரும் கண்டார்கள். புத்தகங்களைக் கருவிமேல் வைத்தால் போதும், இரவல் பதிவாகிவிடும். திருப்பும் பெட்டிக்குள் போட்டால் அந்தக் கணமே பெயரிலிருந்து கழிந்துவிடும். நள்ளிரவில் போடலாம். ஓரிடத்தில் எடுத்ததை இன்னோர் இடத்தில் திருப்பலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மில்லியனாக இருந்த இரவல் எண்ணிக்கை 2000களின் தொடக்கத்தில் இரு மடங்கைத் தாண்டிய போதும் வரிசை நீளவில்லை.

ஆனாலும் ஒரு சிக்கல் எஞ்சியது. தவறான அடுக்கில் வைக்கப்பட்ட புத்தகம் காணாமல் போன புத்தகத்துக்குச் சமம். ‘உள்ளது’ என்று கணினி சொல்லும், தேடினால் கிடைக்காது. மீண்டும் ஏட்டுச் சுரைக்காய். இதற்காக ஏ*ஸ்டார் ஆய்வாளர்கள் ஓர் இயந்திர மனிதனை உருவாக்கினார்கள். நூலகம் மூடிய பிறகு அது அடுக்குகளுக்கிடையே தானே நகர்ந்து, வில்லைகளின் எண்களைப் படித்து, இடம் மாறிய புத்தகங்களைப் பட்டியலிடும். 2016ஆம் ஆண்டு பாசிர் ரிஸ் நூலகத்தில் நடந்த சோதனை பற்றிய செய்தி வெளிவந்தது. காலையில் ஊழியர் அந்தப் பட்டியலோடு நேரே அடுக்குக்குப் போகலாம்.

உதட்டுச்சாயமும் ஒரு பெருங்கனவும்

1990களின் பிற்பாதி. பிராக்டர் அண்ட் கேம்பல் நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஆஷ்டன், தம் வீட்டருகே உள்ள கடையில் ஒரு பழுப்பு நிற உதட்டுச்சாயம் எப்போதும் தீர்ந்துபோயிருப்பதைக் கவனித்தார். விசாரித்தால், கிடங்கில் நிறைய இருப்பதாகப் பதில் வந்தது. கடை அலமாரியில் இல்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சிறிய எரிச்சல் அவரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கு 1999ஆம் ஆண்டு ஆட்டோ-ஐடி நிலையம் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் கான்பூர் ஐஐடியில் படித்த சஞ்சய் சர்மாவும் ஒருவர். இன்று எல்லாரும் சொல்லும் ‘பொருள்களின் இணையம்’ என்ற தொடரை ஆஷ்டன் வழங்கியதும் அந்த ஆண்டில்தான்.

அவர்களின் எண்ணம் எளிமையானது. வில்லைக்குள் பொருளின் வரலாற்றையே எழுத முயன்றால் சில்லு பெரிதாகும், விலை ஏறும். எண் மட்டும் போதும். மற்ற விவரங்களை இணையத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வில்லையின் விலை ஐந்து காசுக்கு இறங்கினால் உலகில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் வால்மார்ட் ஓர் அறிவிப்பு விடுத்தது. முதல் 100 விநியோகிப்பாளர்கள் 2005ஆம் ஆண்டு ஜனவரிக்குள் தங்கள் பெட்டிகளில் ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டவேண்டும் என்றது. அமெரிக்கத் தற்காப்பு அமைச்சும் அதே ஆண்டில் தன் விநியோகிப்பாளர்களிடம் அதைக் கேட்டது. உலகமே பரபரத்தது.

2005ஆம் ஆண்டு ஆர்கன்சா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், வில்லை பயன்படுத்திய வால்மார்ட் கடைகளில் சரக்குத் தீர்ந்துபோகும் நிலை 16 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. ஆனால் பலன் கடைக்கு, செலவு விநியோகிப்பாளருக்கு. திரவமும் உலோகமும் வாசிப்பைக் கெடுத்தன. சில ஆண்டுகளில் வேகம் தணிந்தது. கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. உழைப்பும் பலனும் ஒரே கையில் சேரவேண்டும். நூலகத்தில் அது சேர்ந்திருந்தது, அங்கே சேரவில்லை.

திட்டம் செத்துவிடவில்லை. துணிக்கடையில் மறுபிறவி எடுத்தது. துணியில் தண்ணீர் இல்லை, உலோகம் குறைவு. அளவும் நிறமும் நூறு வகை என்பதால் கணக்குத் தவறும் வாய்ப்பும் அதிகம். யுனிக்லோ கடையில் சட்டைகளைத் தொட்டியில் போட்டதும் விலை தானே தெரிவது இந்த வில்லையால்தான். வால்மார்ட்டும் 2022ஆம் ஆண்டில் துணிகளைத் தாண்டி வீட்டுப் பொருள்களுக்கும் வில்லை கேட்கத் தொடங்கியது.

நெடுஞ்சாலையில் ஒரு பாடம்

மலேசியாவும் இதில் பின்தங்கவில்லை. 1998ஆம் ஆண்டிலேயே சில்லு பொருத்திய கடப்பிதழை வெளியிட்டு உலகுக்கு வழிகாட்டிய நாடு அது. சாலைக் கட்டணத்துக்கான ஆர்எஃப்ஐடி முன்னோட்டம் 2018ஆம் ஆண்டு தொடங்கியது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜூருவுக்கும் ஸ்கூடாய்க்கும் இடையே அது நடைமுறைக்கு வந்தது. தொடக்க நாள்களிலேயே சாவடிகளில் நெரிசல். வில்லை படிக்கப்படவில்லை என்று புகார்கள் எழுந்தன.

முன்கண்ணாடியில் உலோகம் கலந்த கருமைத் தாள் ஒட்டியிருந்தால் அலை ஊடுருவாது. வில்லையை ஒட்டும் இடம் தவறினாலும் வாசிப்பு தவறும். நூலகத்தில் ஒரு புத்தகம் படிக்கப்படாவிட்டால் எடுத்து மறுபடியும் வைக்கலாம். சாவடியில் ஒரு கார் நின்றால் பின்னால் நூறு கார் நிற்கும். நூற்றுக்கு ஒன்று தவறுவது ஓரிடத்தில் சிறு தொல்லை, இன்னோரிடத்தில் பெரும் நெரிசல்.

மனிதனும் சரக்கா?

பொருளைத் தேடப் பிறந்த கருவி மனிதனையும் தேடும். இங்குதான் விவாதம் சூடுபிடிக்கிறது.

2003ஆம் ஆண்டு சார்ஸ் கிருமி சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 பேரின் உயிரைப் பறித்தது. யார் யாரைச் சந்தித்தார் என்று நினைவிலிருந்து சொல்வது கடினமாக இருந்தது. அப்போது அலெக்சாண்ட்ரா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயாளிகளுக்கும் வருகையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆர்எஃப்ஐடி அட்டை கொடுத்து, அவர்கள் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் முறை அமைக்கப்பட்டது. உயிரைக் காக்கும் நோக்கம் என்பதால் அதை மக்கள் புரிந்துகொண்டார்கள்.

அதே ஆண்டு பெனட்டன் நிறுவனத்தின் ஆடைகளில் வில்லை வரப்போகிறது என்ற செய்தி வெளியானது. போட்டிருக்கும் சட்டையே ஆளைக் காட்டிக்கொடுக்குமா என்று நுகர்வோர் அமைப்பினர் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. 2005ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் சட்டர் என்ற சிற்றூரின் பள்ளி, மாணவர் கழுத்தில் ஆர்எஃப்ஐடி அட்டையை மாட்டியது. ‘எங்கள் பிள்ளைகள் கிடங்குச் சரக்கல்லர்’ என்ற எண்ணத்தோடு பெற்றோர் எதிர்த்தார்கள். சில வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது.

கொவிட்-19 காலத்தில் சிங்கப்பூரில் வந்த டிரேஸ்டுகெதர் புளூடூத் முறையைப் பயன்படுத்தியது. தொழில்நுட்பம் வேறு, கேள்வி ஒன்று. தொற்றுத் தடமறியச் சேர்த்த தகவலைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறமுடியும் என்று 2021ஆம் ஆண்டு ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மக்களிடையே வருத்தம் எழுந்தது. மறுமாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டும் சட்டம் நிறைவேறியது. எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொன்னோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவதே நம்பிக்கையின் அடித்தளம் என்பதை அந்த நிகழ்வு நினைவூட்டியது.

கணக்கு யாருக்காக?

எண்பது ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. வில்லை எப்போதும் தன்னைப் பற்றித்தான் சொல்லும். ‘இதோ இருக்கிறேன்’ என்பது வில்லையின் குரலே தவிரப் பொருளின் குரல் அல்ல. சட்டையிலிருந்து கழற்றிய வில்லை குப்பைத்தொட்டியில் கிடந்தாலும் ‘சட்டை இங்கே’ என்றுதான் சொல்லும். அதைச் சரிபார்க்க ஒரு மனிதக் கண் வேண்டும்.

புக்கிட் பாத்தோக்கில் வென்றதும் அந்த மனிதர்தான். முகப்பில் பார்கோடு காட்டிக்கொண்டிருந்த ஊழியர் எழுந்து அடுக்குகளுக்கிடையே வந்தார். சிறுவனுக்குப் புத்தகம் தேடித் தந்தார். முதியவருக்குக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தார். எண்ணும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால் மனிதர் மனிதரோடு பேச நேரம் கிடைத்தது.

நிறுவனங்கள் புதிய வில்லைத் திட்டத்தோடு வரும்போது, ஒரு வில்லை என்ன விலை என்று மட்டும் கேட்டால் போதாது. மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது, சேரும் தகவல் யார் கையில் இருக்கும் என்றும் கேட்கவேண்டும். அந்த இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்தால், வில்லையை ஒட்ட யாரும் தயங்கமாட்டார்கள்.